கோட்டும் தொப்பியும் யாருடைய முடிவு? ஆனந்த குமாரசுவாமியின் உடுப்புக் கதை

புத்தளம் நகரை அடுத்த தில்லையடியில், ஒழுங்கை ஒன்றின் முகப்பில் ஒரு சின்னத் தையல் கடை. கால்மிதி மெஷின் ஒன்று, மின்சார மெஷின் ஒன்று, துணி வெட்டுகிற மேசை, சுவரில் தொங்கும் அளவு நாடா. நான் போயிருந்த பின்னேரம், நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்த ஒரு பொடியன் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஒரு படத்தைக் காட்டினான். லண்டனில் நடந்த ஆண்கள் ஆடைக் காட்சியில் மேடையில் நடந்து வரும் ஒரு மெல்லிய இளைஞன். தோளோடு ஒட்டிய கோட், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் களிசான். அதேபோலத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். கடைக்கார நானா படத்தை விரல்களால் பெரிதாக்கி, கை வந்து தோளில் பொருந்தும் இடத்தையே கனநேரம் பார்த்தார். பிறகு அளவு எடுக்கத் தொடங்கினார்.

நானாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய வாப்பாவின் கடை யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அந்தக் கடையின் மெஷின்கள் அங்கேயே நின்றன. தைத்து முடித்து, கொடியில் மாட்டி, சொந்தக்காரர் வந்து எடுக்காத உடுப்புகளும் அங்கேயே தொங்கின. அந்த மாதத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினார்கள். தில்லையடி அப்படி நிரம்பிய ஊர்களில் ஒன்று.

உடுத்த உடுப்போடு வந்தோம் என்று இங்கே மூத்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களும் அதையே சொல்வார்கள். வீடும் காணியும் ஆவணங்களும் பறிபோகும்போது உடம்பில் கடைசியாக மிஞ்சுவது உடுப்பு. ஆகவே ஒரு மனிதன் எதை உடுக்கிறான், அதை யார் முடிவு செய்கிறார்கள், யார் தைக்கிறார்கள் என்ற கேள்விகள் எங்களுக்குச் சின்ன விஷயங்கள் அல்ல.

இந்தக் கேள்விகளை ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தத் தீவில் உரக்கக் கேட்ட ஒருவர் இருந்தார். கொழும்பில் ஒரு வீதி அவருடைய பெயரில் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனத்தைப் பற்றி எழுதிய கலை அறிஞர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். அவர் பொதுவாழ்வுக்குள் நுழைந்ததே உடுப்பைப் பற்றிய ஒரு கோபத்தோடுதான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இரண்டு கரைகளின் பிள்ளை

ஆனந்தாவின் பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், 1835இல் இலங்கைச் சட்டசபையில் தமிழர் சார்பில் அமர்ந்த முதல் உறுப்பினர். தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி 1834இல் பிறந்தவர். 1863இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அந்தக் கதவு திறந்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து லண்டனில் வெளியிட்டார். பாளி நூல்களையும் மொழிபெயர்த்தார். 1874இல் விக்ரோறியா மகாராணியின் அரசு அவருக்கு சேர் பட்டம் கொடுத்தது. ஆங்கிலச் சீமான்களின் விருந்து மண்டபங்களில் அவருக்கு இடம் இருந்தது. பிரதமராக இருந்த டிஸ்ரேலி, தான் எழுதி முடிக்காத கடைசி நாவலில் அவரை மனதில் வைத்து ஒரு பாத்திரத்தையே படைத்தார்.

1875இல் முத்து குமாரசுவாமி, எலிசபெத் கிளே பீபி என்ற ஆங்கிலப் பெண்ணைக் கலியாணம் செய்தார். 1877 ஒகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் ஆனந்தா பிறந்தார். தாயின் சொந்த மாவட்டமான கென்ற்டின் பெயரால் கென்றிஷ் என்பதும் அவரது பெயரோடு சேர்ந்தது. கைக்குழந்தையாகவே தாயுடன் இங்கிலாந்துக்குப் போனார். பின்னால் போக இருந்த தகப்பன் 1879 மே மாதம் கப்பல் ஏறும் முன்னரே கொழும்பில் இறந்துபோனார். ஆனந்தாவுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஆகவே பிள்ளை ஆங்கிலேயப் பிள்ளையாகவே வளர்ந்தது. குளொஸ்ரர்ஷயரில் இருக்கும் விக்ளிஃப் கல்லூரியில் விடுதி வாழ்க்கை, பிறகு லண்டன் யூனிவேர்சிற்றி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும். கோட்டும் கழுத்துப்பட்டியும் அவருக்குத் தாய்வீட்டு உடுப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் ஐரோப்பிய உடுப்பை எதிர்த்து எழுதிய மனிதர், அந்த உடுப்பை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். அதற்குள்ளேயே வளர்ந்தவர்.

கல் தேடப் போனவர்

1902இல் எதல் பாட்ரிஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பான பணிப்பாளராக ஆனந்தா 1903இலிருந்து 1906 வரை வேலை செய்தார். 1904இல் தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. விஞ்ஞானியாகவே வாழ்ந்திருந்தாலும் அவருடைய பெயர் நின்றிருக்கும்.

ஆனால் கல் தேடப் போன இடங்களில் அவர் கண்டது மனிதர்களை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கண்டிப் பகுதியின் ஊர்களுக்குள் போனபோது, கொல்லர், தச்சர், குயவர், பாய் பின்னுவோர், நெசவாளர் என்று ஒவ்வொருவரின் பட்டறை வாசலிலும் நின்றார். எதல் கமராவோடும் குறிப்புப் புத்தகத்தோடும் கூடவே போனார். தையல் வேலைப்பாடு, சரிகை, நெசவு பற்றிய நுணுக்கங்களைக் கவனித்து எழுதியது பெரும்பாலும் அவர்தான்.

அவர்கள் கண்ட கைத்தொழில்களில் பல கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. லங்காஷயர் ஆலைகளின் மலிவுத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியதால் கைத்தறிகள் ஓய்ந்துகொண்டிருந்தன. துணியோடு சேர்ந்து வேறொன்றும் வந்து இறங்கியது. நாகரிகமான மனிதன் எப்படி இருக்கவேண்டும் என்ற படம். அரசாங்க வேலைக்கும் நீதிமன்றத்துக்கும் தேவாலயத்துக்கும் பாடசாலைக்கும் போகும் உள்ளூரவர், அந்தப் படத்தைப் போலத் தன்னை மாற்றிக்கொள்ளவேண்டி இருந்தது. வெயில் கொளுத்தும் ஊரில் கம்பளிக் கோட் வந்தது அப்படித்தான்.

1905: இரவல் இறகுகள்

ஒருநாள் உட்பகுதி ஊர் ஒன்றில் ஒரு தாயும் மகனும் அவர் முன்னால் வந்து நின்றார்கள். உள்ளூர் ஆட்கள். தங்கள் வெயிலுக்கும் வேலைக்கும் பொருந்தாத ஐரோப்பிய உடுப்பில் இருந்தார்கள். அந்த உடுப்பு அவர்களுக்கு அழகும் கொடுக்கவில்லை, வசதியும் கொடுக்கவில்லை. தங்கள் சொந்த உடுப்பு தாழ்வானது என்ற எண்ணத்தை மட்டும் கொடுத்திருந்தது. அந்தக் காட்சி அவரைக் குலுக்கியது.

1905இல் கண்டியில் அச்சிட்ட ஒரு சிறு பிரசுரத்தில் அதை எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் 'இரவல் இறகுகள்' என்று சொல்லலாம். மயிலைப் பார்த்து ஆடப்போன வான்கோழியின் கதை எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் வான்கோழியைக் கேலி செய்ய எழுதவில்லை. வான்கோழிக்கு வெட்கத்தைக் கற்பித்தது யார் என்று கேட்டார். ஆங்கிலக் கல்வி ஒரே தலைமுறையில் ஒரு சனத்தைத் தன் பாட்டனிடமிருந்து அறுத்துவிடக்கூடியது என்பது அவருடைய வாதம். அறுந்துபோனதன் அடையாளம் முதலில் உடம்பில் தெரிகிறது, பிறகு நாக்கில் தெரிகிறது.

பிரசுரத்தோடு அவர் நிற்கவில்லை. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி அதன் தலைவராக இருந்தார். பொருந்தாத ஐரோப்பியப் பழக்கங்களை யோசிக்காமல் பின்பற்றுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1906இல் சங்கத்தின் சஞ்சிகையும் வெளிவந்தது. பிள்ளைகளுக்குத் தமிழையும் சிங்களத்தையும் ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும் என்பதும் அவரது கோரிக்கை. தாயின் மொழி ஆங்கிலமாக இருந்த ஒரு மனிதர் எங்கள் தாய்மொழிக்காக வாதாடினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டில் இன்னொரு தலை

குமாரசுவாமி கண்டியில் தன் பிரசுரத்தை அச்சிட்ட அதே 1905இல், கொழும்பு உயர் நீதிமன்றத்தில் வேறொரு உடுப்புச் சண்டை மூண்டது. அதில் நின்றவர் யாழ்ப்பாண முஸ்லிம். எம். சி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி. அந்தச் செப்ரெம்பரில் அவர் துருக்கித் தொப்பியோடும் சப்பாத்தோடும் வழக்குப் பேச எழுந்தபோது பிரதம நீதியரசர் லேயாட் அதை ஏற்கவில்லை. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவில்லை. நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்.

அன்றைய நீதிமன்ற வழக்கப்படி, ஐரோப்பிய உடுப்பில் வருபவர் சப்பாத்தோடு நிற்கலாம், ஆனால் தலையில் ஒன்றும் இருக்கக்கூடாது. உள்ளூர் உடுப்பில் வருபவர் தலையை மூடலாம், ஆனால் சப்பாத்தைக் கழற்றவேண்டும். துருக்கித் தொப்பி அணிந்த சட்டத்தரணி இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. முஸ்லிம் சனம் கொதித்தது. 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. அடுத்த ஆண்டில் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது. இன்றைக்குத் தில்லையடியில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அப்துல் காதர் ஊர்க்காரர்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் வருகிறது. துருக்கித் தொப்பியும் இரவல்தான். அது இந்த மண்ணில் பிறந்ததல்ல. எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற அரபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவரையும் அவருடைய தோழர்களையும் பார்த்தே அந்தச் சிவப்புத் தொப்பி இங்குள்ள முஸ்லிம் பிரமுகர்களிடையே பரவியது. பிற்பாடு 1925இல் துருக்கியிலேயே முஸ்தபா கமால் அதைத் தடை செய்து, ஆண்களை ஐரோப்பியத் தொப்பிக்கு மாற்றினார். அங்கே சட்டம் போட்டுக் கழற்றினார்கள். இங்கே சட்டத்தை எதிர்த்து அணிந்தார்கள்.

ஆகவே உடுப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் போதாது. அதை அணிகிறவனுக்கு அதில் ஒரு சொல் இருந்ததா என்பதே பெரிய கேள்வி. கண்டியின் தாயும் மகனும் இரவல் உடுப்பில் சிறுத்துப் போனார்கள். அப்துல் காதர் இரவல் தொப்பியில் நிமிர்ந்து நின்றார்.

தறியும் அச்சும்

1907இல் குமாரசுவாமியும் எதலும் இங்கிலாந்துக்குத் திரும்பி, கொட்ஸ்வோல்ட் பகுதியில் புரோட் கம்டன் என்ற ஊரில், பழைய நோர்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றைப் புதுப்பித்துக் குடியிருந்தார்கள். வீட்டைச் செப்பனிட்டவர் கட்டடக் கலைஞர் ஆஷ்பீ. இயந்திர ஆலைகளுக்கு எதிராகக் கைவேலையைத் தூக்கிப் பிடித்த வில்லியம் மொரிஸின் வழியில் வந்தவர். மொரிஸ் பயன்படுத்திய அச்சுப் பொறியே அவரிடம் இருந்தது. அந்தப் பொறியில், பதினைந்து மாதம் கண்ணாலும் கையாலும் கண்காணித்து, 'மத்தியகால சிங்களக் கலை' என்ற பெரிய நூலைக் குமாரசுவாமி அச்சிட்டார். 1908இல் வேலை முடிந்தது. 425 பிரதிகள் மட்டுமே. ஒரு தமிழ்த் தகப்பனின் மகன், ஆங்கில மனைவியின் துணையோடு, சிங்களக் கைவினைஞரின் வேலையை ஆவணப்படுத்திய நூல் அது. இன்றைக்கு எங்கள் தீவில் யார் யாருடைய கலையை எழுதலாம் என்று சண்டை பிடிப்பவர்கள் ஒருமுறை அந்த நூலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்தபோது அவர் அதற்குள்ளும் போனார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்காரனின் சாமானைப் போலவே கொஞ்சம் மட்டமாக உள்ளூரில் செய்து விற்பது சுதேசி அல்ல என்று வாதிட்டார். மான்செஸ்டர் ஆலையை மூடிவிட்டு, அதே ஆலையைப் பம்பாயில் திறந்தால் நெசவாளிக்கு என்ன கிடைக்கும் என்பது அவருடைய கவலை. கொடியின் நிறம் மாறினால் மட்டும் போதாது, தறியில் இருப்பவனின் வாழ்வு மாறவேண்டும் என்ற நிலைப்பாடு அது.

எதலோடு அவருடைய கலியாணம் நிலைக்கவில்லை. இருவரும் பிரிந்தார்கள். எதல் மறுமணம் செய்து எதல் மேரே என்ற பெயரோடு நெசவுக்குள் இறங்கினார். 1916இல் இயற்கைச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சசெக்ஸில் டிற்ச்லிங் என்ற ஊரில் அவருடைய பட்டறைக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். தொழில்துறை வடிவமைப்புக்கான பிரித்தானியாவின் அரச விருதை 1937இல் பெற்ற முதல் பெண் அவர்தான். பிரித்தானியக் கைத்தறி நெசவின் மறுபிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய பெயரைத் தவிர்க்க முடியாது. கண்டி ஊர்களில் எங்கள் கைவினைஞரின் வாசலில் நின்று குறிப்பெடுத்த அதே பெண். இலங்கை பிரித்தானியாவுக்குக் கொடுத்த கடன் ஒன்று அந்தத் துணிகளுக்குள் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

அவர் உடுக்க மறுத்த உடுப்பு

முதலாம் உலகப்போர் வந்தது. 1916இல் பிரித்தானியா கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் என்னவென்று எங்கள் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கொருவர் என்று கதவு தட்டப்பட்ட இரவுகளும், பிள்ளையைப் பதுங்கு குழிக்குள் ஒளித்த தாய்மாரும் எங்கள் நினைவில் இருக்கிறார்கள்.

குமாரசுவாமி சீருடை அணிய மறுத்தார். சுதந்திரமில்லாத இந்தியரை இன்னொருவரின் பேரரசுக்காகச் சண்டைக்கு அனுப்புவது நியாயமில்லை என்பது அவர் நிலைப்பாடு. கோட்டையும் ரையையும் அவர் வாழ்நாளில் முற்றாக விட்டுவிடவில்லை. ஆனால் சீருடையை ஒருநாளும் போடவில்லை. மற்ற உடுப்புகளில் மனிதனுக்குக் கொஞ்சமாவது சொல் இருக்கும். சீருடையில் அது இல்லை.

அந்த முடிவுக்கு விலை இருந்தது. பிரித்தானியாவில் தொடர்ந்து வாழ முடியாத நிலை வந்தது. அதற்கு முன்னர் தன்னுடைய ஓவியச் சேகரிப்பை இந்தியாவில் ஒரு தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வந்திருந்தார். அதற்கும் வழி பிறக்கவில்லை. 1917இல் அமெரிக்காவுக்குப் போய் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். சேகரிப்பும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ராஜபுத்திர ஓவியங்களை உலகம் பொஸ்ரனில் பார்க்கவேண்டி வந்ததற்கு இதுதான் காரணம். புலம்பெயர்வு என்று நாங்கள் இன்றைக்குச் சொல்கிற வாழ்க்கையை அவர் முப்பது வருடம் வாழ்ந்தார்.

1918இல் 'சிவ நடனம்' என்ற கட்டுரைத் தொகுப்பு வந்தது. 1927இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு வந்தது. அருங்காட்சியகத்தில் வேலை செய்துகொண்டே அருங்காட்சியகங்களைக் கேள்வி கேட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை ஒருகாலத்தில் சனம் உடுத்தவை, உண்டவை, கும்பிட்டவை என்று 1940களிலும் எழுதிக்கொண்டிருந்தார். கலைஞன் என்பவன் தனிப்பிறவி அல்லன், ஒழுங்காக வேலை செய்கிற தச்சனும் தையற்காரனும் கலைஞர்தாம் என்பது அவருடைய முடிவு. தான் செய்யும் பொருளுக்குப் பொறுப்பில்லாமல், ஒரு துண்டை மட்டும் ஆயிரம் தடவை செய்யவைக்கும் ஆலை வேலை மனிதனைக் குறைக்கிறது என்று நம்பினார்.

அவர் பார்க்காமல் விட்டது

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது குறையையும் எழுதவேண்டும். பழைய சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடமும் ஒரு உடுப்பும் இருந்தது என்பது குமாரசுவாமிக்கு அழகாகத் தெரிந்தது. அந்த இடத்தில் பூட்டிவைக்கப்பட்டவர்களுக்கு அது அழகாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலுடுப்புப் போடக்கூடாது, நகை அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட காலம் இருந்தது. அவர்களுக்கு ஒரு வெள்ளைச் சேர்ட் என்பது இரவல் இறகு அல்ல. மானம். இந்தியாவில் அம்பேத்கர் கடைசிவரை கோட்டும் ரையுமாகவே பொது இடங்களில் நின்றதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். காந்தி உடுப்பைக் குறைத்ததும் அம்பேத்கர் கோட்டைப் போட்டதும் எதிரெதிர்ச் செயல்கள் போலத் தெரிந்தாலும், இரண்டிலும் முடிவு எடுத்தவர்கள் அவர்களே.

குமாரசுவாமியின் சொந்த வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. தலைப்பாகையுடன் அவர் எடுத்துக்கொண்ட படங்கள் உண்டு. பொஸ்ரன் காலத்துப் படங்களிலோ நன்றாக வெட்டித் தைத்த கோட்டும் ரையுமாக இருக்கிறார். அதை வைத்து அவரைப் போலி என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு உடுப்பும் அவருடையவைதாம். இரண்டையும் அறிந்து அணிந்தார்.

1947 ஒகஸ்ட் 15ஆம் திகதி இந்தியா விடுதலை பெற்றதைப் பொஸ்ரனில் இருந்து கொண்டாடினார். ஒரு வாரம் கழித்து அவருக்கு எழுபது வயது நிறைந்தது. நண்பர்கள் கொடுத்த விருந்தில், வேலையை விட்டு இந்தியாவுக்குத் திரும்பிப் போகப்போவதாக அறிவித்தார். போகவில்லை. 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி மசசூசெற்ஸ் மாநிலத்தில் நீடம் என்ற ஊரில், தன் வீட்டில் இறந்துபோனார். திரும்பிப் போக நாள் எண்ணிக்கொண்டே வெளிநாட்டில் கண்மூடும் ஒரு தலைமுறை எங்களிடமும் இருக்கிறது.

லண்டன் மேடையும் தில்லையடி மேசையும்

பொடியன் காட்டிய படத்துக்கு வருவோம். லண்டனில் ஆண்கள் ஆடைகளுக்கு நீண்டகாலம் தனி மேடை இருக்கவில்லை. பெண்கள் ஆடை வாரத்தின் முடிவில் ஒரு நாள் ஒதுக்குவார்கள். 2012 ஜூன் மாதம்தான் ஆண்களுக்கென்று தனியான காட்சி நாள்கள் தொடங்கின. பிறகு சில ஆண்டுகள் ஜனவரியில் வரப்போகும் குளிர்காலத்துக்கும் ஜூனில் அடுத்த கோடைக்கும் என்று ஆண்டுக்கு இரண்டு தடவை நடந்தன. முதல் காட்சிக்கான வரவேற்பை சென் ஜேம்ஸ் மாளிகையில் நடத்தியவர் அன்றைய இளவரசர் சார்ள்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குமாரசுவாமியின் சிந்தனை வழியை மதித்துப் படிக்கும் ரெமெனோஸ் கலைக்கழகத்தின் புரவலராக இருந்தவரும் இதே சார்ள்ஸ்தான். பழைய கோட்டுகளை ஒட்டுப்போட்டுப் பல ஆண்டுகள் அணிகிறவர் என்று அவருக்குப் பெயரும் உண்டு. கைவேலையின் மதிப்பு அரண்மனைக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் மேடையில் காட்டுகிற உடுப்புக்கும் கடையில் தொங்குகிற உடுப்புக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையின் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைகளுக்கு. அமெரிக்காவோடு பிரித்தானியாவும் பெரிய வாடிக்கையாளர். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கணவனைப் போரில் இழந்த பெண்களும், தேடிக்கொண்டிருக்கும் பெண்களும் விடிய முன்னர் பஸ் ஏறி அங்கே போகிறார்கள். ஒருத்தி கொலர் மட்டும் தைப்பாள். இன்னொருத்தி கைமுனை மட்டும். மணித்தியாலத்துக்கு எத்தனை என்று கணக்கு இருக்கும். முழு உடுப்பு எப்படி இருக்கும், யார் அதை அணிவார் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தச் சம்பளம் வீட்டில் அடுப்பு எரிக்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் மான்செஸ்டர் துணியைப் பற்றி 1905இல் ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் பதில் இல்லாமலே இருக்கிறது. துணி போகும் திசை மட்டும் மாறியிருக்கிறது.

தில்லையடியில் நானா ஒரு உடுப்பை முழுதாகத் தைக்கிறார். பொடியனின் கோட்டுக்குத் துணி வெட்டும்போது தையலுக்குள் இரண்டு பக்கமும் கொஞ்சம் அதிகமாக விட்டு வெட்டினார். கலியாணத்துக்குப் பிறகு உடம்பு போடும், அப்போது பிரித்து விரித்துக் கொடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அந்தப் பொடியனின் உடம்பை இன்னும் பத்து வருடத்துக்கு அவர் யோசித்து வைத்திருக்கிறார். லண்டன் படத்தில் இருந்தது ஒரு மாதிரிதான். கோட் தில்லையடியில் பிறந்தது. குமாரசுவாமி இதைப் பார்த்திருந்தால் இரவல் என்று சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

புறப்படும்போது நானா ஒன்று சொன்னார். 1990இல் யாழ்ப்பாணக் கடையில் விட்டுவந்த உடுப்புகளில் ஒரு கலியாணக் கோட்டும் இருந்தது. தமிழ் மாப்பிள்ளை ஒருவருக்குத் தைத்தது. நரைநிறத் துணி. பொத்தான் மட்டும்தான் மிச்சம். வாப்பா பாதிப் பணத்தை முற்பணமாக வாங்கியிருந்தார். வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறாரா, எந்த நாட்டில் இருக்கிறார், எந்த உடுப்பில் தாலி கட்டினார் என்று நானாவுக்குத் தெரியாது. வந்தால் கோட் தைத்துக் கொடுப்பதற்கு அவர் தயாராக இருக்கிறார். அளவு மட்டும் புதிதாக எடுக்கவேண்டி இருக்கும்.